சபாபதிக்குப் பால் ஊற்றிய நாள்

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீரம்மா வாசற்படியில் கால் வைத்தபோது, உள்ளே யாரோ நீரில் மூழ்குகிற சத்தம் கேட்டது.

ஆறு கிடையாது, குளம் கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் மாட்டுவண்டிக் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீடு அது. அந்த அறையில் ஒரு மனிதன் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தான்.

குடம் விழுந்து நசுங்கியது. வீரம்மா உள்ளே பாய்ந்தாள்.

கட்டிலில் அவள் புருஷன் சபாபதி மல்லாந்து கிடந்தான். அவன் மார்பின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தான் அவனுடைய சொந்தத் தம்பி வேலாயுதம். ஒரு முழங்கால் சபாபதியின் இடது கையை அழுத்தியிருந்தது. வலது கையை அழுத்த வேண்டிய தேவையே இல்லை. அது செத்துப்போய் வெகுநாள் ஆகிறது. வேலாயுதத்தின் ஒரு கை அண்ணனின் தாடையைப் பிடித்துப் பின்னால் வளைத்திருந்தது. மறு கை செம்பைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. சபாபதியின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் தண்ணீர் பீறியது.

கூரை மூங்கிலில் செருகியிருந்த தார்க்குச்சியை உருவினாள் வீரம்மா. மாட்டைக் குத்தி ஓட்டுகிற குச்சி, நுனியில் இரும்பு முள். அதை வேலாயுதத்தின் தோளில் ஒரு விரல் ஆழத்துக்கு இறக்கினாள்.

அவன் அலறவில்லை. திரும்பினான். செம்பை அப்படியே வீசி அவள் நெற்றியில் அடித்தான். சுவரில் மோதி விழுந்தவளின் கூந்தலைப் பிடித்துத் தூக்கி, காதோடு வாய் வைத்துச் சொன்னான்.

"அப்பா எப்படிப் போனாருன்னு பக்கத்துலயே ஒக்காந்து பார்த்தவன் நான், அண்ணி. கத்தி வேணாம், கட்டை வேணாம். ஒரு வாய் தண்ணி போதும். எந்தத் துவான், எந்த அதிகாரி வந்து என்ன கேப்பான்?"

வாசலில் ஆள் சத்தம் கேட்டது. வேலாயுதத்தின் முகம் நொடியில் மாறிற்று. கண்ணில் நீரே கட்டிக்கொண்டது.

"பாருங்க அக்கா! தாகத்துல துடிக்கிறான் எங்கண்ணன். ஒரு வாய் தண்ணி குடுத்தேன். அதுக்கு தார்க்குச்சியால குத்துறா!"

உள்ளே வந்தவள் அடுத்த வீட்டு இராஜம்மா. கட்டிலில் இருமியிருமி நீலமாகிக் கிடந்தவனையும், கையில் ரத்தம் வழியும் குச்சியோடு நின்றவளையும் பார்த்தாள். யார் பக்கம் சேருவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"ஏன்டி வீரம்மா, நோயில கெடக்குறவனுக்குத் தண்ணி குடுத்தது குத்தமா? சொட்டுத் தண்ணி குடுக்காம ஆளைக் காயப் போடுறேன்னு இந்த வட்டாரமே பேசுது, தெரியுமாலா ஒனக்கு?"

வீரம்மா புருஷனைத் தூக்கி உட்காரவைத்து, தலையை முன்னால் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றி ரத்தம் அவன் தோளில் சொட்டியது.

அவள் ஏன் தண்ணீர் கொடுக்க மறுத்தாள் என்று அந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

சித்திரையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பூச்சோங் தோட்டங்களில் திருடிய ரப்பர் தட்டுகளை வைக்கோலுக்கடியில் ஒளித்துக் கிள்ளானுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான் வேலாயுதம். அது கூட்டாளி முனியாண்டிக்குத் தெரிந்துபோயிற்று. போலீஸ் மாத்தாவிடம் சொல்லிவிடுவேன் என்றான். அன்று சாயங்காலமே கொட்டகையில் முனியாண்டியின் மண்டை பிளந்து கிடந்தது. காளை உதைத்துவிட்டது என்றான் வேலாயுதம். அதே கொட்டகையில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில், சபாபதியும் விழுந்து கிடந்தான். உடம்பில் ஒரு காயம் இல்லை. பாரிசவாயு. வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு போய்விட்டது. அதைவிடக் கொடுமை, விழுங்குவதும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் விநாயகமூர்த்தி, யாழ்ப்பாணத்துக்காரர், அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார்.

"பிள்ளை, வடிவாக் கேளும். இவருக்குத் தொண்டை நரம்பு வேலை செய்யேல்லை. தண்ணி, தேத்தண்ணி, பால், ஒண்டும் குடுக்கக் கூடாது. அதுகள் வயித்துக்குப் போகாது, நேரா நெஞ்சாங்கூட்டுக்கை போகும். கூழ் மாதிரித் தடிப்பாக் காய்ச்சி, ஆளை நிமிர்த்தி இருத்தி, நாடியைக் கீழ குனியவைச்சு, கொஞ்சங் கொஞ்சமாக் குடும். அவசரப்பட்டீரோ, ஆள் முடிஞ்சுது."

அப்படித்தான் ஊட்டி வந்தாள். ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழ் இறங்க ஒரு பொழுது ஆகும். கரண்டி உள்ளே போனதும் தொண்டை மணியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது மேலே ஏறி, இறங்கினால்தான் அடுத்த கரண்டி. ஊரோ, சோற்றுக் கஞ்சித் தண்ணி கூடக் கொடுக்காமல் களிம்பு மாதிரி எதையோ திணிக்கிறாள் என்றது.

நினைவு மட்டும் அவனுக்குத் தெளிவாக இருந்தது. முனியாண்டி பேரை யாராவது எடுத்தால் கண்ணீர் வழியும். ஒருநாள் முனியாண்டியை அடித்தது யார் என்று வீரம்மா ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கேட்டாள். தம்பி பேர் வந்ததும் சபாபதியின் இடது கை முஷ்டியாகி, கட்டில் சட்டத்தில் இடி மாதிரி விழுந்தது. டிரஸ்ஸரிடம் ஓடினாள். டிரஸ்ஸர் இன்ஸ்பெக்டர் துரையிடம் போனார். வியாழக்கிழமை சாயங்காலம் நானே வந்து விசாரிக்கிறேன், கையால் காட்டினால் போதும் என்றார் துரை. அந்தச் சேதி எப்படியோ வேலாயுதத்தின் காதுக்கும் போயிருந்தது.

இன்று புதன்கிழமை.

சாட்சி உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான். நாளைச் சாயங்காலம் வரை. அவனைத் தனியே விட்டு டிரஸ்ஸரிடம் ஓடவும் அவளால் முடியாது.

வியாழக்கிழமை விடிந்தபோது சபாபதியின் உடம்பு அடுப்புக் கல்லாய்க் கொதித்தது. நேற்றுக் குடித்த தண்ணீர் நெஞ்சுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் ஹுக்கா குடிப்பதுபோல் கொறகொறவென்று சத்தம். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: நெஞ்சில் சளி, சேத்துமம் கட்டிவிட்டது, ஆள் போகப்போகிறான்.

வேலாயுதம் முதல் ரயிலிலேயே கிள்ளானுக்குப் போய், பக்கத்து மேரு தோட்டத்திலிருந்து அக்காள் சீதாலெட்சுமியையும் சொந்தபந்தத்தையும் திரட்டிக்கொண்டு உச்சிப்பொழுதில் வந்து இறங்கினான். தோள் காயத்தில் மஞ்சள் பற்று. முகத்தில் துக்கம். இரண்டுமே கச்சிதமாக ஒட்டியிருந்தன.

சீதாலெட்சுமி சாதாரணப் பெண்பிள்ளை அல்ல. தாய் போன பிறகு இரண்டு தம்பிகளையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ரப்பர் மரத்துக்கும் புலிக்கும் நடுவே நின்று பால் வெட்டியவள். அவள் சொல்லுக்கு அந்தக் குடும்பத்தில் மறுசொல் கிடையாது.

உள்ளே வந்ததும் தம்பியின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டில்ல வேணாம்டா. தரையில எறக்குங்க. தலை தெக்க இருக்கட்டும்."

நாலு பேர் இறக்கினார்கள். ஒருத்தி பித்தளைப் பாலாடையைத் துடைத்தாள். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். சபாபதி பிறந்தபோது வாங்கியது. அவனுக்கு முதல் பால் புகட்டிய கிண்ணத்திலேயே கடைசிப் பாலும் ஊற்ற, சீதாலெட்சுமி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

"அப்பாவுக்கும் இதே வாயுதான், இதே மூச்சுதான்," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "இதாலதான் ஊத்துனேன். பாலு தொண்டையில எறங்குச்சு, ஒரே ஒரு இருமல், அவ்ளோதான். பாலுக்குக் காத்துக்கிட்டு இருந்த உசுரு. அப்படி ஒரு புண்ணியச் சாவு யாருக்கு வாய்க்கும்?"

நேற்று வேலாயுதம் காதோடு சொன்ன வார்த்தை வீரம்மாவுக்கு இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அக்காள் பத்து வருஷமாகப் புண்ணியம் என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவன் ஒருத்தன் மட்டும் வேறு மாதிரி பார்த்திருந்தான். கதவில் சாய்ந்து, கை கட்டி, அமைதியாக நின்றான். அவன் ஒரு துளியும் ஊற்ற வேண்டியதில்லை. அன்புள்ள அக்காளே ஊற்றுவாள். சொந்தம் முழுக்க வரிசையில் நின்று, அழுதுகொண்டே, ஆளுக்கு ஒரு பாலாடையாக அவனைக் கொல்லும்.

"பால் வேணாம், மதினி!"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"அவருக்கு விழுங்க வராது. பால் நெஞ்சுக்குள்ள போயிரும். பால் ஊத்துனா செத்துருவாரு!"

பளார்! சீதாலெட்சுமியின் கை மரம் சீவிய கை. வீரம்மாவின் நெற்றிக் காயம் மறுபடி திறந்துகொண்டது.

"பால் கொல்லுமாடி? தாய்ப் பால்ல வளந்த பய அவன்! போற உசுருக்கு வாய்ப்பால் இல்லன்னு சொல்ற பொண்டாட்டிய இப்பதான்டி பாக்குறேன்!"

"இழுத்து வெளிய போடுங்க," என்றது ஒரு குரல். இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள்.

வீரம்மா ஒரு நொடி யோசித்தாள். வெளியே போனால் கதை முடிந்தது. திமிறுவதை நிறுத்தினாள். குரலைத் தணித்தாள்.

"தப்புதான் மதினி. புத்தி கெட்டுப் பேசிட்டேன். ஆனா பொண்டாட்டி கையால காய்ச்சுன பாலா இருக்கட்டும். அந்த ஒண்ணையாவது குடுங்க."

சீதாலெட்சுமி தலையசைத்தாள்.

அடுப்பு வீட்டின் பின்புறம் இருந்தது. வீரம்மா பாலை ஏற்றினாள். பானைக்குப் பின்னாலிருந்த கூவைமாவை எடுத்தாள். வயிறு கெட்ட பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிற மாவு. பாலைப் போலவே வெள்ளை. குளிர்ந்த பாலில் கரைத்துக் கொதியில் ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டினாள். கண் வாசலைப் பார்த்தது, கை கரண்டியைச் சுற்றியது. பால் கனத்தது. கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள். ஓடவில்லை, தேன் மாதிரி வழிந்தது. இன்னும் கொஞ்சம். இப்போது சரி.

கிண்ணத்தோடு உள்ளே போய், புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவனைத் தூக்கித் தன் மார்பில் சாய்த்து நிமிர்த்தினாள்.

"படுக்கப் போடுலா," என்றான் வேலாயுதம்.

"எல்லாரு மொகத்தையும் ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டும்," என்றாள் வீரம்மா. "அதுகூடவா கூடாது, தம்பி?"

அழுதுகொண்டிருந்த பெண்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதார்கள். அவனால் மறுக்க முடியவில்லை.

சீதாலெட்சுமி பாலாடையை நிரப்பி முதலில் புகட்டினாள். வீரம்மா அவன் மோவாயைக் கீழே அழுத்திப் பிடித்தாள். பால் நாக்கில் உட்கார்ந்தது. இறங்கவில்லை. கொறகொறப்பு நின்றது. வீரம்மாவின் விரல் அவன் தொண்டையில் இருந்தது.

ஏறு. ஏறுலா. ஏறு.

மணி ஏறியது. நின்றது. இறங்கியது.

இருமல் இல்லை.

அடுத்தவள் ஊற்றினாள். அதுவும் இறங்கியது. மூன்றாவதுக்குச் சபாபதி கண்ணைத் திறந்தான். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான்.

"கண்ணத் தொறக்குறான்!" சீதாலெட்சுமியின் குரல் உடைந்தது. "டேய் சபாபதி! அக்காடா! தெரியுதா?"

வேலாயுதம் கதவை விட்டு நகர்ந்து வந்தான். பாலாடையை வாங்கிச் சாய்த்துப் பார்த்தான். பால் மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டு விழ மறுத்தது. விரலால் வழித்தான்.

"அக்கா! இது பாலில்ல, பசை! கடைசிப் பால்லகூட மாவக் கலந்து மோசம் பண்ணிட்டா, சண்டாளி!"

அவன் வீசிய பாலாடை சுவரில் மோதித் தெறித்தது. வேலாயுதத்தின் கால் வீரம்மாவின் விலாவில் பாய்ந்தது. மூச்சடைத்து உருண்டாள். இரண்டு பேர் அவளைத் தரையோடு அமுக்கினார்கள். சடங்குக்கென்று வந்த பச்சைப் பால் ஒரு செம்பு நிறைய மூலையில் இருந்தது. வேலாயுதம் அதை எடுத்தான். அண்ணனை மல்லாத்தினான். முடியைப் பிடித்துத் தலையைப் பின்னால் வளைத்தான்.

"நான் ஊத்துறேன் எங்கண்ணனுக்கு. சுத்தமான பாலு!"

சபாபதி பல்லை இறுக்கிக்கொண்டான். நேற்றைய தண்ணீர் அவனுக்குப் போதுமானதைக் கற்றுக்கொடுத்திருந்தது. வேலாயுதம் இரண்டு விரலைக் கடைவாயில் நுழைத்து நெம்பினான். வாய் திறந்தது.

பிறகு மூடியது.

வலப்பக்கம் செத்தவன், பேச்சில்லாதவன், ஒரு மிடறு தண்ணீர் விழுங்க வழியில்லாதவன்தான். ஆனால் அந்தத் தாடை வண்டிக்காரனின் தாடை. கரும்பைத் தோலோடு கடித்த பல். வாயு அதைத் தொட்டிருக்கவில்லை. அந்த இரண்டு விரலும் கணுவோடு நொறுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

வேலாயுதம் போட்ட அலறலில் கொட்டகை மாடுகள் கயிற்றை இழுத்தன. பால் செம்பால் அண்ணனின் முகத்தில் அடித்தான். ஒரு முறை, இரண்டு முறை. பல் விடவில்லை. பாலும் ரத்தமும் கலந்து இளஞ்சிவப்பாய்ப் பாயில் ஓடின. வலி தலைக்கேற, நாக்கு கட்டவிழ்ந்தது.

"விடுடா நாயே! விடு! அந்த முனியாண்டியோட ஒன்னையும் சேத்து அடிச்சுப் போட்டிருக்கணும்! வண்டிக் கடையாணி கையிலதானடா இருந்துச்சு! அண்ணன்னு பாத்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே காது கேட்டது.

வீரம்மாவை அமுக்கியிருந்த கைகள் தளர்ந்தன. அவள் உருவிக்கொண்டு எழுந்து அவன் மேல் விழுந்தாள். அவன் விரலைப் பிய்த்துக்கொண்டு திரும்பினான். பிய்ந்ததில் ஒன்று அண்ணனின் வாயிலேயே தங்கிவிட்டது. மற்றக் கையால் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தூக்கினான். அவள் எச்சிலை விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்முன் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. தன் புருஷன் ஒவ்வொரு வேளையும் எந்த இடத்தில் நிற்கிறான் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு அத்துப்படியாகத் தெரிந்தது.

தொப்பென்று ஒரு சத்தம். கழுத்துப் பிடி கழன்றது.

வேலாயுதம் முழங்காலில் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் அம்மிக் குழவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சீதாலெட்சுமி நின்றாள்.

"அக்கா..." என்றான்.

இன்னொரு முறை இறக்கினாள். இம்முறை தோள்பட்டை உடைந்தது.

"மண்டையில போட்டிருப்பேன்டா," என்றாள். மூச்சு வாங்கியது. "நான் வளத்த மண்டை. மனசு வரல. கட்டுங்கடா இவன!"

வண்டிக்காரர்கள் மாடு கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து, அவனைக் கொட்டகைத் தூணில் கட்டினார்கள். முனியாண்டி விழுந்து கிடந்த அதே தூண். பாசார் சந்தைக்குப் போகிற வழியில் முனியாண்டியின் மச்சான் கேள்விப்பட்டு வந்து, வேலாயுதத்தின் முன்பல்லை உடைத்துவிட்டுப் போனான். யாரும் தடுக்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் துரை வந்தார். கூடவே விநாயகமூர்த்தி. கிழிந்த பாயையும், ரத்தத்தையும், உடைந்த முகத்தோடு மனைவியின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனையும் பார்த்துவிட்டு, துரை தொப்பியைக் கழற்றினார்.

"முனியாண்டியை அடிச்சது ஆரெண்டு காட்டச் சொல்லித் துரை கேக்கிறார்," என்றார் டிரஸ்ஸர்.

சபாபதியின் இடது கை எழுந்தது. வாசல் வழியாக, கொட்டகைத் தூணை நோக்கி நீண்டு, துரை போதும் என்கிறவரை கீழே இறங்காமல் நின்றது.

வேலாயுதத்தை வண்டியில் ஏற்றிப் போனார்கள். டிரஸ்ஸர் சபாபதியின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "சளி இருக்குது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்கோ. இண்டைக்கு இருத்தியே வைச்சிருங்கோ," என்றார். பிழைப்பானா என்று கேட்டதற்கு, தொண்டையைக் காட்டி, "அது இவரிட்ட இல்லை, ஊட்டுற ஆளிட்ட இருக்குது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொந்தபந்தம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. இராஜம்மா நசுங்கிய குடத்தில் தண்ணீர் பிடித்து வந்து வைத்துவிட்டுப் போனாள். வீரம்மா கூழ் காய்ச்சிக் கொண்டுவந்தபோது, சீதாலெட்சுமி தம்பியின் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எப்படிக் குடுக்குறதுன்னு எனக்குக் காட்டு."

"நாடியக் குனிஞ்சாப்புல புடிங்க, மதினி. கால் கரண்டி போதும். உள்ள போனதும் தொண்டையப் பாருங்க. மணி ஏறி எறங்குனப்புறம்தான் அடுத்தது. அதுவரைக்கும் காத்துக்கிட்டே இருக்கணும்."

சீதாலெட்சுமி கொடுத்தாள். காத்திருந்தாள். மணி ஏறி இறங்கியது. இன்னொரு கரண்டி. அதுவும். மூன்றாவது கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

பாயோரத்தில் பித்தளைப் பாலாடை நசுங்கிக் கிடந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"வீரம்மா," என்றாள். "அப்பாவ நாங்க படுக்க வச்சுத்தான் ஊத்துனோம். பாலு தண்ணியாத்தான் இருந்துச்சு."

வீரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டியை அவன் வாய்க்கு நேரே கொண்டுபோனாள். மதினி கேட்காமல் விட்ட கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது.

"அவரு வாயத் தொறந்துக்கிட்டு இருக்காரு, மதினி," என்றாள். "குடுங்க. ஆறிரப்போவுது."